உப்புத்தாளில் இல்லாத உப்பு: பிரேக் காலிப்பர் பெயிண்டை உரிக்கும் கதை

இந்த எபிசோட் ரொம்பச் சின்ன ஒரு வேலையைப் பத்தினது. காரோட பிரேக் காலிப்பரில் இருக்கிற பழைய பெயிண்டை வீட்டிலேயே எப்படி எடுக்கிறது? கேட்டா அஞ்சு நிமிஷ வீடியோவுக்கான சமாசாரம் மாதிரி இருக்கும். ஆனா அந்த வேலைக்கு நாம கையில் எடுக்கிற டப்பாவுக்குள்ள சுமார் இருநூறு வருஷ வரலாறு இருக்கு. அதில் பிரெஞ்சுக்காரர்கள் இருக்காங்க, வெள்ளைக்கார கம்பெனி இருக்கு, ராஜாஜி இருக்கார், மேட்டூர் அணை இருக்கு. நான் இப்போ உட்கார்ந்து பேசிட்டிருக்கிற காரைக்காலும் இருக்கு.

முதல்ல காலிப்பர்னா என்னன்னு பார்த்துடலாம். கார் சக்கரத்தோட சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுத்தும், அதுதான் டிஸ்க். அந்தத் தட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி மாதிரியான பாகம் காலிப்பர். நீங்க பெடலை மிதிச்சா, பிரேக் ஆயில் அழுத்தத்தில் காலிப்பருக்குள்ள இருக்கிற பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தட்டோட அழுத்தும். வண்டி நிற்கும். அலாய் வீல் வந்த பிறகு இந்தக் காலிப்பர் வெளியில் தெரிய ஆரம்பிச்சுது. பந்தயக் கார்களைப் பார்த்து எல்லாருக்கும் அதில் சிவப்பு, மஞ்சள் அடிக்கிற ஆசை வந்துச்சு.

கடலோர ஊரில் அந்த ஆசைக்கு ஆயுசு கம்மி. காரைக்காலில் பிஒய் 02 நம்பர் போட்ட எந்தப் பழைய காரின் சக்கரத்துக்குள்ள எட்டிப் பார்த்தாலும் தெரியும். உப்புக் காற்றும் வெப்பமும் சேர்ந்து பெயிண்டுக்கு அடியில் துரு கிளம்பி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா தூக்கிக்கிட்டு நிற்கும். அதன் மேலேயே திரும்ப அடிச்சா ஒட்டாது. பழசை முழுசா எடுக்கணும். வேலை இங்கேதான் ஆரம்பிக்குது.

எடுக்கிறதுக்குப் பொதுவா மூணு வழி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப் போடலாம். இல்லைன்னா பெயிண்ட் ரிமூவர்னு கடையில் விற்கிற டப்பாவை வாங்கித் தடவலாம். இதில் ஒரு வேடிக்கை பாருங்க. உப்புத்தாள்னு பேரு, ஆனா அதில் உப்பு கிடையாது. மத்த ரெண்டும், காஸ்டிக் சோடாவும் ரிமூவரும், உப்பிலிருந்துதான் வருது. சாதாரணச் சாப்பாட்டு உப்பு. நான் சொல்லப் போற கதை அந்த உப்போட கதை. ஒவ்வொரு புது மருந்தும் அதுக்கு முந்தின மருந்தோட ஆபத்தைத் தீர்க்க வந்தது. தீர்க்கவும் செய்தது. கூடவே புதுசா ஒரு ஆபத்தையும் கொண்டு வந்தது. நம்ம ஐ.டி. நண்பர்களுக்குச் சொல்லணும்னா, ஒரு பக்கைச் சரி பண்ணின பேட்ச்தான் அடுத்த பக்குக்குக் காரணம்.

பெயிண்டைச் சோப்பாக்கும் காரம்

ஒரு காலத்தில் பெயிண்ட் என்றாலே எண்ணெய்ப் பெயிண்ட்தான். ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடி கலந்து அடிப்பார்கள். எண்ணெயோடு காரம் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு ஆகும். எண்ணெய்ப் பெயிண்டின் மேல் காரக் கரைசல் ஊற்றினால் நடப்பதும் அதேதான். அந்தப் படலம் சோப்பாக மாறித் தண்ணீரில் வழிந்து வந்துவிடும். நம்ம ஊர் சலவைத் தொழிலாளிகள் உவர்மண்ணைக் கரைத்துத் துணி வெளுத்தது இந்த வேதியியலின் மென்மையான வடிவம். ஐரோப்பாவில் மரச்சாம்பலையும் கடற்பாசிச் சாம்பலையும் நம்பியிருந்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கண்ணாடி, சோப்பு, துணித் தொழில்கள் வளர வளர, சாம்பல் போதவில்லை. கடல் உப்பிலிருந்து சோடா எடுக்கும் வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் அகாடமி அறிவித்தது. நிக்கோலா லெப்லாங் என்ற மருத்துவர் வழியைக் கண்டுபிடித்து 1791-ல் காப்புரிமை வாங்கினார். நேரம் சரியில்லை. பிரெஞ்சுப் புரட்சி வந்து அவருடைய தொழிற்சாலையைப் பறிமுதல் செய்தது. பிற்பாடு திரும்பக் கிடைத்தும் அவரால் எழ முடியவில்லை. 1806-ல் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் வழிமுறை மட்டும் உலகம் முழுக்கப் போச்சு. ஆனா உப்பிலிருந்து சோடா எடுக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு புகைபோக்கி வழியாக வெளியே போகும். ஆலையைச் சுற்றியிருந்த மரங்களும் பயிர்களும் கருகின. கடைசியில் 1863-ல் பிரிட்டன் ஆல்கலி சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. தொழிற்சாலைக் காற்று மாசுக்கான ஆரம்பகாலச் சட்டங்களில் அது ஒன்று. உப்பில் சோடியமும் குளோரினும் சேர்ந்துதான் இருக்கு. நீங்க சோடியத்தை மட்டும் வேணும்னு எடுத்துக்கிட்டா, குளோரின் எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? இந்தக் கேள்வியை மனசில் வச்சுக்கோங்க. காலிப்பர் வரைக்கும் இது நம்ம கூட வரும்.

காரைக்காலில் நின்றுபோன உப்பு

இப்போ காரைக்காலுக்கு வருவோம். 1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்களின் கைக்கு வந்த ஊர் இது. வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள், நடுவில் இவர்கள். கடலோரம் என்பதால் உப்பு எடுப்பது இயல்பான தொழில்.

ஆனால் இந்த ஊரைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் போனதும் உப்பு ஒரு பிரச்சினையாச்சு. கம்பெனிக்கு உப்பு வரி முக்கியமான வருமானம். பிரெஞ்சுப் பகுதியில் மலிவாக எடுத்த உப்பு எல்லை தாண்டி வந்தால் அந்த வருமானம் போயிடும். நெப்போலியன் போர்கள் முடியும் தறுவாயில், 1815 மார்ச் 7-ம் தேதி ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயர்களுக்கு. பதிலுக்கு பிரான்ஸுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல் இன்னும் ஒரு படி மேலே போய், சோழமண்டலக் கரையின் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு எடுப்பதையே நிறுத்தி, உப்பள உரிமையாளர்களுக்கு இழப்பீடு என்று முடிவு செய்தார்கள். கடலை ஒட்டின ஊரில் கடல் உப்பு எடுக்கக் கூடாது. ரெண்டு சாம்ராஜ்யங்கள் சேர்ந்து போட்ட கணக்கு அது.

இந்த ஊரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு நடக்க ஆரம்பித்து, ஏப்ரல் 30-ம் தேதி உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியது அங்கேதான். உப்பு என்றால் நமக்கு ஞாபகம் வருவது அந்த யாத்திரைதான். அதே வேதாரண்யத்தின் உப்பளங்களில் ஒரு பகுதி இன்றைக்கு ரசாயன ஆலைகளுக்காக இயங்குது. சமையலறைக்குப் போகாமல் உப்பு அங்கே எதுக்குப் போகுது? அதுதான் அடுத்த கட்டம்.

மின்சாரம் பிரித்த இரட்டையர்

1892-ல் அமெரிக்கரான ஹாமில்டன் காஸ்ட்னரும் ஆஸ்திரியரான கார்ல் கெல்னரும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, பாதரசத்தை ஒரு மின்முனையாக வைத்தால் சுத்தமான காஸ்டிக் சோடா கிடைக்கும். லெப்லாங் ஆலையின் புகை இல்லை. ஆனால் பாதரசம் கசிந்தது. அதுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழிச்சுதான் பாதரசம் இல்லாத மெம்பிரேன் முறை வந்து அந்தப் பிரச்சினையைத் தீர்த்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் மேட்டூரில் வேர் பிடித்தது. அணை 1934-ல் முடிந்தது, மின்சாரம் கிடைத்தது. 1936-ல் மேட்டூர் கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் தொடங்கியது. காஸ்டிக் சோடாவின் முக்கியச் செலவே மின்சாரம். அதனால் கடலிலிருந்து எவ்வளவோ தூரத்தில், மலையடிவாரத்தில், உப்பை உடைக்கிற ஆலை வந்ததில் ஆச்சரியமில்லை.

காரைக்காலின் தெற்கு முனையில், மேலவாஞ்சூரில் இன்றைக்கு கெம்பிளாஸ்ட் சன்மார் நிறுவனத்தின் ஆலை இருக்கு. காஸ்டிக் சோடாவும் குளோரினும் அங்கே தயாராகுது. அதாவது 1818-ல் உப்பு எடுக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணின ஊரில் இப்போ உப்பைப் பிரிச்சு விற்கிற தொழில் நடக்குது.

கணக்கு ரொம்ப எளிமை. சுமார் 1.5 டன் உப்பு போட்டால் 1 டன் காஸ்டிக் சோடா வரும். கூடவே சுமார் 880 கிலோ குளோரின் வரும். குளோரின் வேண்டாம்னு சொல்ல முடியாது, இது இரட்டைப் பிரசவம். தேக்கி வைக்கவும் பயம். அதனால் உலகம் முழுக்க ரசாயனத் தொழில் குளோரினுக்கு வேலை தேடிக்கிட்டே இருந்தது. பிவிசி குழாய் அதில் ஒரு வேலை. குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் இன்னொரு வேலை. மேட்டூரில் அதே நிறுவனம் குளோரோமீத்தேன் வகைக் கரைப்பான்களைத் தயாரிக்குது. அந்தக் குடும்பத்தில் ஒருத்தர்தான் நம்ம பெயிண்ட் ரிமூவர் டப்பாவோட கதாநாயகன், மெத்திலீன் குளோரைடு.

பெயிண்ட் மாறியது, மருந்தும் மாறியது

ஏன் காஸ்டிக் சோடா மட்டும் போதவில்லை? பெயிண்ட் மாறிப்போச்சு, அதனால்தான். ஆரம்பகாலக் கார்களுக்கு எண்ணெய்ப் பெயிண்டும் வார்னிஷும் அடுக்கடுக்காக அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். கார் செய்வதைவிட அது காய்வதற்குத்தான் அதிக நேரம். 1920-களின் நடுவில் டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். மணிக்கணக்கில் காய்ந்தது. அதன் வணிகப் பெயர் டியூகோ. இன்றைக்கும் நம்ம பட்டறைகளில் எந்த கம்பெனி கார் பெயிண்டாக இருந்தாலும் ‘டூகோ அடிக்கணும்’னு சொல்றாங்களே, அந்தப் பேரு அங்கிருந்து வந்ததுதான்.

லாக்கர் தின்னரில் கரையும். அதுக்குப் பிறகு எபாக்ஸி, ரெண்டு கலவை பாலியூரித்தேன், பவுடர் கோட்டிங் எல்லாம் வந்தபோது தின்னரும் கைவிரிச்சுது. காலிப்பர் சூட்டைத் தாங்கணும்னு அடிக்கிற பெயிண்டுகள் பலதும் இந்தக் கெட்டியான வகைதான். ஒருமுறை இறுகிட்டா திரும்பக் கரையாத வலைப் பின்னல் அது.

கரைப்பான் வழியில் பெயிண்ட் எடுக்கும் முயற்சி அதுக்கும் முன்னாடியே தொடங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல்டன் எல்லிஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் பென்சீன், அசிட்டோன் போன்றவற்றோடு கொஞ்சம் மெழுகு சேர்த்தார். மெழுகு மேலே படலமாகி, கரைப்பான் ஆவியாகாமல் பிடித்து வைக்கும். புத்திசாலித்தனமான யோசனை. ஆனா அந்தக் கலவை சட்டுனு தீப்பிடிக்கும். பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதும் பிற்பாடு உறுதியானது.

இங்கேதான் மெத்திலீன் குளோரைடு உள்ளே வருது. 1840-ஐ ஒட்டி ஆன்ரி விக்தோர் ரெனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சூரிய ஒளியில் குளோரினை வைத்து முதன்முதலில் தயாரித்தது. நூறு வருஷம் பெரிசா யாரும் கண்டுக்கல. பிறகு அதோட குணம் புரிஞ்சுது. மூலக்கூறு ரொம்பச் சின்னது, கெட்டியான பெயிண்டின் வலைக்குள்ளேயும் புகுந்துடும். புகுந்து படலத்தை உப்ப வைக்கும். உப்பின படலம் இடம் பத்தாமல் சுருங்கிச் சுருண்டு உலோகத்தை விட்டுத் தானாகத் தூக்கிக்கும். எல்லாத்துக்கும் மேலே, சாதாரணமாகத் தீப்பிடிக்காது. பென்சீனோடு ஒப்பிட்டால் வரப்பிரசாதம். டப்பாவில் ‘தீப்பற்றாதது’ என்று போட்டு விற்றார்கள். பாதுகாப்பானதுன்னு எல்லாரும் நம்பினாங்க.

தலை சுற்றலின் அர்த்தம்

நாகப்பட்டினம் போகிற சாலையில் ஒரு பெயிண்டிங் ஷெட்டில் வேலை செய்யும் அண்ணன் ஒருத்தர்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். முப்பது வருஷ அனுபவம். ‘‘தம்பி, அந்த ரிமூவர் டப்பாவை நாங்க உள்ளே திறக்கவே மாட்டோம். திறந்தா கொஞ்ச நேரத்துல தலை சுத்தும், அப்புறம் தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். வெளியில, காத்து வர்ற பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டுதான் தடவுவோம்’’னார். முகத்தில் என்ன கட்டுவீங்கன்னு கேட்டேன். தோளில் கிடந்த துண்டைக் காட்டினார்.

துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆனா அவர் உடம்பு கத்துக்கிட்ட பாடம் சரியான பாடம். அறிவியலுக்கு அதே பாடம் 1972-ல்தான் கிடைத்தது. ரிச்சர்ட் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் அந்த ஆண்டு சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மெத்திலீன் குளோரைடு ஆவியைச் சுவாசித்தால் கல்லீரல் அதை கார்பன் மோனாக்சைடாக மாற்றுது. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடினால் உயிரைக் குடிக்குமே, அதே வாயு. இங்கே அது வெளியிலிருந்து வரவில்லை, உடம்புக்குள்ளேயே உற்பத்தியாகுது. இன்னும் மோசம் என்னன்னா, நீங்க வேலையை நிறுத்தி வெளியே வந்த பிறகும் சில மணி நேரம் உற்பத்தி தொடரும்.

1976-ல் ஸ்டூவர்ட் இன்னொரு கட்டுரை எழுதினார். ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டின் நிலவறையில் மரச்சாமான் ஒன்றின் பழைய பூச்சை உரித்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்தது. குணமாகி வந்து வேலையைத் தொடர்ந்தார். இரண்டாவது மாரடைப்பு. பிறகு மறுபடியும் அதே வேலை. மூன்றாவதில் இறந்துபோனார். இதயத்துக்குப் போக வேண்டிய ஆக்ஸிஜனின் இடத்தில் கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்திருந்தது. அவருக்கும் தெரியல, முதல் தடவை பார்த்த மருத்துவமனைக்கும் தெரியல.

இது தெரிந்த பிறகும் டப்பா கடையில் இருந்தது. 2000-க்கும் 2011-க்கும் இடையில் அமெரிக்காவில் குளியல்தொட்டிகளின் பழைய பூச்சை உரிக்கும் வேலையில் மட்டும் 13 தொழிலாளர்கள் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் பதிவு செய்தது. ஏன் குளியலறை? மெத்திலீன் குளோரைடு ஆவி காற்றைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். கீழே இறங்கித் தொட்டிக்குள் தேங்கும். குனிந்து வேலை செய்பவரின் முகம் சரியாக அங்கேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் இதைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தது. அமெரிக்கா 2019-ல் வீட்டு உபயோகத்துக்கான பெயிண்ட் ரிமூவர்களில் தடை செய்தது, 2024-ல் பெரும்பாலான தொழில் உபயோகங்களுக்கும் தடையை நீட்டியது. 1972-லிருந்து 2019 வரை கணக்குப் போடுங்க. 47 வருஷம்.

நம்ம ஊரில் ஒரு கூடுதல் சங்கதி. இந்தத் திரவம் சுமார் 40 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சித்திரை வெயிலில் நிறுத்தின காருக்குள்ள அந்தச் சூடு சர்வசாதாரணம். டப்பாவை டிக்கியில் வச்சு எடுத்துட்டு வந்து மூடியைத் திறந்தா, சீறிக்கிட்டு முகத்தில் அடிக்கும். அபார்ட்மென்ட்டில் இருக்கிற நம்ம நேயர்கள் பல பேருக்கு இந்த மாதிரி வேலைக்குக் கிடைக்கிற இடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு பேஸ்மென்ட் பார்க்கிங். இன்னொண்ணு பாத்ரூம். ரெண்டுமே கனமான ஆவி தேங்கி நிற்கிற இடம். அதுக்காகத்தான் இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்றேன்.

அடியில் இருக்கும் உலோகம்

சரி, ரிமூவர் வேண்டாம், பழைய காஸ்டிக் சோடாவுக்கே திரும்பிடலாமா? அங்கேதான் காலிப்பரின் சொந்த வரலாறு குறுக்கே வருது.

டிஸ்க் பிரேக்குக்கு பிரிட்டனில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-ல். செம்புப் பேட் தட்டில் உரசி, காதைப் பிளக்கிற சத்தம் போட்டது. ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த உராய்வுப் பட்டைகளைக் கொண்டு வந்து அந்தச் சத்தத்தை அடக்கினார். மறுபடியும் அதே கதை. சத்தம் போச்சு, நுரையீரலை அழிக்கிற தூசி வந்துச்சு. 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் இந்த அமைப்புக்கு நல்ல பேர் வந்தது. நம்ம பக்கம் 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. ஆனால் அம்பாசடரின் காலம் பெரும்பாலும் டிரம் பிரேக்கின் காலம். காலிப்பர் இங்கே பரவலானது அதுக்கு வெகு காலம் கழிச்சு.

ஆரம்பக் காலிப்பர்கள் வார்ப்பிரும்பு. இன்றைக்கும் சாதாரணக் கார்களில் அதிகம் அதுதான். எடை குறையணும்னு பந்தயக் கார்களும் விலை உயர்ந்த கார்களும் அலுமினியத்துக்குப் போயின. காஸ்டிக் சோடா வார்ப்பிரும்பை ஒண்ணும் செய்யாது. அலுமினியத்தைத் தின்னுடும். சூடாகி, ஹைட்ரஜன் குமிழி விட்டு, உலோகமே கரையும். 1888-ல் கார்ல் பேயர் கண்டுபிடித்த முறையில் பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரிப்பதே காஸ்டிக் சோடாவில் கரைச்சுத்தான். மேட்டூரில் மால்கோ நிறுவனம் சேர்வராயன் மலை பாக்சைட்டை வைத்துச் செய்ததும் இதையே. ஆலையில் உலோகத்தைப் பிறக்க வைக்கிற அதே திரவத்தில் உங்க காலிப்பரைப் போட்டா, அது திரும்பக் கரைசலுக்கே போகப் பார்க்கும்.

அதனால முதல் கருவி ஒரு காந்தம். ஒட்டினால் இரும்பு. ஒட்டலைன்னா காஸ்டிக் பக்கமே போகாதீங்க.

அடுத்தது ரப்பர். பிஸ்டனைச் சுத்தி சதுர வெட்டு கொண்ட ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பெடலை மிதிக்கும்போது அது கொஞ்சம் முறுக்கிக்கும். விட்டதும் பழைய நிலைக்கு வந்து, பிஸ்டனை மயிரிழை அளவு உள்ளே இழுக்கும். பேடு தட்டை விட்டு விலகுவது இந்தச் சின்ன வளையத்தால்தான். ரிமூவர் பட்டு அது உப்பிப் போச்சுன்னா பிஸ்டன் திரும்பாது, பிரேக் பிடிச்சபடியே ஓடும், சூடேறும். ஆரம்பகால ஹைட்ராலிக் பிரேக்குகளில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத்தான் ஊற்றினார்கள். பெட்ரோலிய எண்ணெய் அந்தக் கால ரப்பரைக் கெடுத்தது ஒரு முக்கியக் காரணம். இப்போ நாம ஊற்றுகிற கிளைகால் வகை பிரேக் ஆயில் ரப்பரைக் காப்பாத்துது. ஆனா அதுவே ஒரு நல்ல பெயிண்ட் ரிமூவர். காலிப்பரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் வழவழன்னு கழண்டு வந்தா, சந்தோஷப்படாதீங்க. அங்கே ஆயில் கசியுதான்னு முதல்ல பாருங்க.

கடைசியா உப்புத்தாள். உப்பே இல்லாததால் ஆபத்தும் இல்லைன்னு நினைக்கலாம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்டுகளில் ஈய குரோமேட் நிறமிகளைச் சேர்ப்பது நீண்ட கால வழக்கம். காலிப்பருக்கு அடிக்கிற நிறங்கள் பெரும்பாலும் இவைதான். இந்தியாவில் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் வைக்கச் சொல்லும் விதி 2016-ல் வந்து 2017 நவம்பரிலிருந்து அமலானது. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுகளுக்கானது. அதோட பழைய பேடின் தூசியும் காலிப்பரில் அப்பியிருக்கும். பழைய உதிரிபாகத்தில் கல்நார் இருக்கா இல்லையான்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்த நிலையில் தேய்ப்பதும், காற்றடித்து ஊதுவதும் இந்த ரெண்டையும் உங்க மூச்சுக்குள்ள அனுப்பும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

இந்த வரலாற்றை வச்சுப் பார்த்தால் பதில் கொஞ்சம் மெதுவான பதில். காலிப்பரைக் கழற்றி, அக்குவேறு ஆணிவேராகப் பிரிச்சு, ரப்பரை எல்லாம் வெளியே எடுக்கிற வேலையை மெக்கானிக்கிட்ட விடுங்க. திரும்ப மாட்டும்போது புது வளையம் போடச் சொல்லுங்க, பிரேக்கில் காற்று எடுக்கிற வேலையும் அவரோடதுதான். வெறும் உலோகம் உங்க கையில் வந்ததும் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்க. பிறகு மொட்டை மாடியிலோ வாசலிலோ உட்கார்ந்து, நனைச்சு நனைச்சு, கம்பி பிரஷும் தண்ணீர் உப்புத்தாளும் வச்சுத் தேய்ங்க. கழுவின சேறு காய்ந்து பறக்காமல் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்க. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

அதுக்கும் அசையலைன்னா பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான ஜெல் வகைகள் இருக்கு. மெதுவா வேலை செய்யும், ராத்திரி முழுக்க விட வேண்டியிருக்கும். அதையும் கையுறையோட, வெளியிலதான் தடவணும். மெத்திலீன் குளோரைடுக்கு மாற்றுன்னு ஒரு காலத்தில் கொண்டாடின என்எம்பி என்ற கரைப்பான் கருவில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கும்னு பிற்பாடு தெரிய வந்தது. அதனால் ‘புதுசு, பாதுகாப்பானது’ங்கிற ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்காதீங்க. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற உட்பொருள் பேரைப் படிங்க. டைகுளோரோமீத்தேன்னு போட்டிருந்தாலும் அது மெத்திலீன் குளோரைடுதான், ரெண்டு பேர் கொண்ட ஒரே ஆள்.

நாம பொழுதுபோக்கா ஒரு தடவை செய்கிற வேலையைத் தினமும் செய்து பிழைக்கிறவங்க இருக்காங்க. அவங்க ஷெட்டுக்கு வேலையைக் கொடுக்கும்போது ‘இன்னிக்கே வேணும்’னு நெருக்காதீங்க. அந்த ஒரு நாள் அவசரம்தான் டப்பாவை உள்ளே வச்சுத் திறக்க வைக்கும். ரெண்டு நாள் கூடக் கொடுத்தா வெளியில, காற்றுப் பக்கம் வச்சுச் செய்ய அவங்களுக்கு நேரம் கிடைக்கும்.

உங்க ஊர்ப் பட்டறைகளில் பெயிண்ட் எடுக்க என்ன வழி வச்சிருக்காங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க. குறிப்பா, டப்பாவில் வர்றதுக்கு முன்னாடி பெரியவங்க என்ன பண்ணினாங்கன்னு. அடுத்த எபிசோடில் பார்க்கலாம். ஜன்னலைத் திறந்து வைங்க மக்களே.